பெப்பர்மிண்ட் என்று சொல்லி கேமல் இறாலை விற்கிறார்கள்: சின்ன ரீஃப் தொட்டி வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதை

களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அதிலும் பவளம் வளர்ப்பவர்கள் இன்னும் குறைவு. நன்னீர் மீன் கடைக்கு ஊரில் பஞ்சமில்லை. கடல் உயிர் வேண்டுமென்றால் எல்லை தாண்டித் திருவனந்தபுரம் சாலையில்தான் போயாக வேண்டும். அந்தச் சாலையில் இருக்கும் ஒரு கடையில் எனக்கும் என் நண்பருக்கும் நடந்ததை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. எதை என்ன பெயரில் தள்ளிவிடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் எந்தக் கடையிலும் நீங்கள் தப்பித்துக்கொள்ளலாம்.

என் தொட்டி இரண்டடி நீளம். பாறையும் மணலும் போக எண்பது லிட்டர் தண்ணீர் தேறும். தொட்டியில் பிறந்து வளர்ந்த ஒரு ஜோடி ஓசெல்லாரிஸ் கிளவுன் மீன், நத்தைகள் சில, ஒரு ஹெர்மிட் நண்டு. பவளத்தில் ஸோவா, மஷ்ரூம், ஒரு டோட்ஸ்டூல் லெதர். எல்லாமே மென்பவளம், அதாவது கல் மாதிரி எலும்புக்கூடு கட்டாத வகை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த தொட்டிதான். ஒரு ஸோவா துண்டோடு ஒட்டிக்கொண்டு அய்ப்டேஸியா உள்ளே வந்துவிட்டது. தெரியாதவர்களுக்கு: அது கண்ணாடி மாதிரி வெளிறிய பழுப்பில் இருக்கும் குட்டி அனிமோன். பக்கத்தில் இருக்கும் பவளத்தைக் கொட்டிச் சுருங்க வைக்கும். பிய்த்து எடுத்தால் பாறையில் மிஞ்சும் துணுக்கு ஒவ்வொன்றும் புதிதாக முளைத்து வரும். அதைத் தின்று தீர்க்கப் பெப்பர்மிண்ட் இறாலை விடுவதுதான் வழக்கம். அதற்காகத்தான் அந்தக் கடைக்குப் போனோம்.

நான் கேட்டதில் எந்தக் குழப்பமும் இல்லை, பெப்பர்மிண்ட்டின் அறிவியல் பெயரைச் சொல்லித்தான் பேசினேன். "லிஸ்மாட்டா இன இறால்தானே இது? அய்ப்டேஸியா தின்னும் பெப்பர்மிண்ட்தானே?" என்று கேட்டேன். என் தொட்டியின் படத்தையும் போனில் காட்டினேன். "அதேதான் அண்ணா. ஒரே வாரத்துல எல்லாத்தையும் கிளியர் பண்ணிரும். பவளத்தைத் தொடவே தொடாது. ஜோடியா எடுங்க, தனியா விட்டா ஒளிஞ்சே கிடக்கும்" என்றார் கடைக்காரர். ஒன்று 450 ரூபாய். இரண்டு வாங்கினேன்.

பகலில் இரண்டும் பாறைக்கு அடியிலேயே கிடந்தன. அய்ப்டேஸியா ஒன்றும் குறையவில்லை. ஆனால் ஸோவாக் கூட்டத்தில் ஒரு ஓரம் காலையில் விரியாமல் இருந்தது. மறுநாள் அந்த ஓரம் இன்னும் பெரிதாகியிருந்தது. தண்ணீரைச் சோதித்தேன். உப்பைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, அம்மோனியா இல்லை, நைட்ரேட் வழக்கமான அளவு. தண்ணீரில் குறை இல்லை என்றால் ஏதோ ஓர் உயிர்தான் காரணமாக இருக்க வேண்டும். ராத்திரி விளக்கெல்லாம் அணைத்து, டார்ச்சின் முகத்தில் சிவப்பு செலோபேன் தாளைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். சிவப்பு வெளிச்சம் இறாலின் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனால் ஓடி ஒளியாது.

இரண்டுமே ஸோவா மேல் ஏறி நின்றன. இரவில் ஸோவா மொட்டு மாதிரி கூம்பிக்கிடக்கும். அந்த மொட்டின் நுனியை மெல்லிய முன்கால்களால் மாறி மாறிக் கிள்ளி, ஒரு பிடி கிடைத்ததும் உடம்பையே பின்னுக்குச் சாய்த்து இழுத்தது ஒன்று. நார் மாதிரி ஒரு கீற்று பிய்ந்து வந்தது. அதை வாய்க்குக் கொண்டுபோய் மென்றுகொண்டே அடுத்த மொட்டுக்குப் போனது. மற்றொன்று மஷ்ரூமின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிக் கொறித்தது. ஒரு கையால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு போனில் வீடியோ எடுத்தேன். ஒரு தலையாக இருந்த ஸோவாவை அத்தனை பெரிய கூட்டமாக வளர்த்து வைத்திருந்தேன். பார்க்கப் பொறுக்கவில்லை.

அது பெப்பர்மிண்ட்டே இல்லை. கேமல் இறால், அறிவியல் பெயர் ரைங்கோசினிடீஸ் டர்பனென்சிஸ். இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் கூட்டம் கூட்டமாக வாழ்வது, அதனால் மலிவாகக் கிடைப்பது. ஸோவா, மஷ்ரூம், லெதர் என்று மென்பவளம் எதையும் தின்னும். மீன் மட்டும் இருக்கும் தொட்டியில் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. பவளத் தொட்டிக்குள் மட்டும் விடவே கூடாது. கடைகளில் பெப்பர்மிண்ட் என்று அதிகம் பேசப்படும் லிஸ்மாட்டா வுர்டமன்னி மேற்கு அட்லாண்டிக் இறால். அது அவ்வளவு தூரத்திலிருந்து வர வேண்டும். பெயரை மாற்றி விற்பதில் இருக்கும் லாபம் இதுதான்.

இரண்டையும் பிரித்தறிவது கஷ்டமே இல்லை. கடையில் ஒரு நிமிடம் குனிந்து பார்த்தால் போதும். பெப்பர்மிண்ட்டின் உடம்பு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், அதன் மேல் மெல்லிய சிவப்புக் கோடுகள் ஓடும். வெள்ளை நிறம் இருக்காது. கேமல் இறாலிலோ சிவப்புக்கு நடுவே பளிச்சென்ற வெள்ளைக் கோடுகளும் வெள்ளைப் புள்ளிகளும் இருக்கும். முதுகு நடுவில் தூக்கிக்கொண்டு கூனலாகத் தெரியும். கண் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது. எல்லாவற்றையும் விட நிச்சயமான அடையாளம், முகத்துக்கு முன்னால் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் முள். கேமல் இறால் அதை மேலும் கீழும் மடக்கும். பெப்பர்மிண்ட்டுக்கு அது அசையாது. இரண்டில் எது அழகு என்று கேட்டால் எல்லாரும் கேமலைத்தான் காட்டுவார்கள். அழகாக இருப்பதால் சுலபமாக விற்றும் போகிறது.

வீடியோவோடு திரும்பக் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு செகண்ட்கூடப் பார்க்கவில்லை. "உங்க தொட்டில தீனி பத்தல அண்ணா, பசியில கடிச்சிருக்கும்" என்றார். இது கேமல் இறால், பெப்பர்மிண்ட் இல்லை என்றேன். "எங்களுக்கு இந்தப் பேர்லதான் சரக்கு வருது" என்றார். அவர் நிற்கும் இடத்துக்குப் பின்னாலேயே சரக்கு வந்த தெர்மோகோல் பெட்டி பிரித்தபடி கிடந்தது. மூடியில் பேக்கிங் லிஸ்ட் ஒட்டியிருந்தது. அதில் கேமல் ஷ்ரிம்ப் என்று அச்சாகியிருந்தது. பெப்பர்மிண்ட் என்று ஒரு வரிகூட இல்லை. அதைக் காட்டினேன். "உயிருள்ள சரக்குக்கெல்லாம் கேரண்டி கிடையாது, பில்லைப் பாருங்க" என்று பேச்சை மாற்றிவிட்டார். பில்லில் "இறால் 2" என்று மட்டும்தான் எழுதியிருந்தார். பணமும் தரவில்லை, இறாலைத் திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டார். சரக்கு மாறி வருவது எந்தக் கடையிலும் நடக்கும், அதை மன்னிக்கலாம். தெரிந்தே வேறு பெயர் சொல்லி விற்றதும், கையில் ஆதாரத்தோடு வந்தவனிடம் உன் தொட்டியில்தான் குறை என்றதும் மன்னிக்கக்கூடியதல்ல.

என்னோடு வந்த நண்பருக்கு நடந்தது இன்னும் கொடுமை. அவருடையதும் இரண்டடித் தொட்டி. அதில் ஒரு ஃபயர்ஃபிஷ் வைத்திருந்தார். வெள்ளை உடம்பு, சிவந்த வால், முதுகில் ஒற்றைக் குச்சி மாதிரி தூக்கி நிற்கும் துடுப்பு. யாரையும் சீண்டாத மீன். அதனோடு விட ஏற்றது என்று டாமினோ டேம்ஸல் ஒன்றைக் கொடுத்தார்கள். "குட்டி மீன் அண்ணா, சாது, இரண்டு இஞ்ச்சுக்கு மேல வளராது" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டோடு நகக்கண் அளவில் இருக்கும்போது டாமினோ சாதுதான். ஆனால் 14 செ.மீ. வரை வளரும் மீன் அது. வளர வளரப் பொட்டு மங்கும், குணம் மாறும், தொட்டி முழுவதும் தனக்கே என்று துரத்த ஆரம்பிக்கும். பெரிய தொட்டியில் துரத்தப்படும் மீனுக்கு ஓடிப்போக இடம் இருக்கும். இரண்டடியில் எங்கே ஓடும்? ஃபயர்ஃபிஷ் பயந்தால் மேலே துள்ளும் சுபாவம் உள்ளது. மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே விளக்கு வயருக்காக விட்டிருந்த இடைவெளி வழியாகத் துள்ளி, தொட்டி ஸ்டாண்டுக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது.

"எல்லாம் ஒண்ணா இருந்துக்கும்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால், எவ்வளவு தண்ணீரில் என்று உடனே கேளுங்கள். தொட்டியின் அளவைக் கேட்காமலே அப்படிச் சொல்பவரை நம்ப வேண்டாம். ஐந்நூறு லிட்டரில் ஒத்துப்போகும் உயிர்கள் எண்பது லிட்டரில் ஒன்றையொன்று கொல்லும். இது மீனுக்கு மட்டுமல்ல. லெதர் பவளம் பக்கத்துப் பவளங்களை அடக்கத் தண்ணீரில் வேதிப்பொருளைக் கசியவிடும். சின்னத் தொட்டியில் அது வேகமாகச் சேரும். ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு அடிக்கடி மாற்ற வேண்டியது அதனால்தான். கிரீன் ஸ்டார் பாலிப்பை "எங்க வேணும்னாலும் வைங்க" என்பார்கள். பெரிய பாறையோடு ஒட்டவிட்டால் பாய் விரித்த மாதிரி படர்ந்து மற்றதை மூடிவிடும். மணலில் தனிக்கல் போட்டு அதன் மேல்தான் வைக்க வேண்டும். ஒரு உயிர் செத்து அழுகினால் அம்மோனியா ஏறி மொத்தத் தொட்டியும் சரிவது சின்ன அளவில் ஒரே ராத்திரியில் நடந்துவிடும். இதையெல்லாம் சொல்லி விற்பதுதான் நியாயமான கடை.

அதே கடையில் மஞ்சள் நிற கார்ப்பெட் அனிமோனும் வைத்திருக்கிறார்கள். கிளவுன் வைத்திருப்பவர் யார் போனாலும் "மீனுக்கு வீடு வேணும்ல" என்று அதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். எலுமிச்சைப் பழ மஞ்சளில், வாயிலிருந்து அடிவரை ஒரே நிறத்தில் இருந்தால் அது சாயம் ஏற்றியது. உடம்புக்குள் வாழ்ந்து உணவு கொடுக்கும் பாசியை இழந்து வெளுத்துப்போன அனிமோனுக்குத்தான் சாயம் ஏறும். பாதி செத்த உயிரைப் பூசி மெழுகி விற்பது அது. கிளவுன் அனிமோன் இல்லாமலே நன்றாக வாழும், முட்டையும் இடும். ஓசெல்லாரிஸுக்குக் கடலில் ஹட்டோனி என்ற கார்ப்பெட் வகை இயற்கையான துணையும் கிடையாது. அந்த அனிமோன் சின்ன மீனைப் பிடித்துத் தின்னவும் செய்யும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது மீன் சாவதை விடப் பெரிய விஷயம். கடையின் உள் அறையில் டார்ச், ஹேமர் பவளங்கள் இருக்கின்றன. "பில் வேண்டாம்னா கம்மியா தரேன்" என்று என்னிடமும் கேட்டார். நான் தொடவில்லை. டார்ச், ஹேமர் எல்லாம் எலும்புக்கூடு கட்டும் கடின பவள வகை. இந்தக் கடின பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-இல் முதல் அட்டவணைக்குள் வந்தன. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. விசிறிப் பவளம், கடற்குதிரை, கடல் அட்டை எல்லாவற்றுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. மூன்று வருடம் முதல் ஏழு வருடம் வரை சிறைத் தண்டனை உள்ள குற்றம் இது. "வெளிநாட்டுச் சரக்கு, பிரச்சினை இல்லை" என்பார்கள். கடின பவளங்கள், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் இருப்பவை, அதற்கும் தனியாகக் காகிதம் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி வாங்கினால் மாட்டுவது நம் வீட்டில் பவளத்தை வைத்திருக்கும் நாம்தான்.

இனி எந்தக் கடைக்குப் போனாலும் உயிரின் அறிவியல் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்காதீர்கள். இந்த ஒன்றை நான் பிடிவாதமாகக் கேட்டிருந்தால் அந்தக் கடையில் ஏமாந்திருக்க மாட்டேன். பெயர் கையில் இருந்தால் வாங்குவதற்கு முன்னால் அங்கேயே நின்று போனில் படத்தோடு ஒப்பிட்டுவிடலாம். மீன் என்றால் உங்கள் கண்முன் தீனி போடச் சொல்லுங்கள், தின்னாத மீன் வேண்டாம். மீன் தொட்டிக்கும் பவளத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர் சுற்றுகிறதா என்று கேளுங்கள். சுற்றினால், மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் ஒட்டுண்ணியின் கூடு பவளம் ஒட்டிய கல்லோடும் உங்கள் வீட்டுக்கு வரலாம். பவளமும் இறாலும் இருக்கும் தொட்டியில் அந்த நோய்க்குச் செம்பு மருந்து ஊற்ற முடியாது, இறாலும் பவளமும் செத்துவிடும். கிளவுன் வேண்டுமென்றால் கடலில் பிடித்ததை விட்டு, தொட்டியில் பிறந்ததைத் தேடுங்கள். நமக்குப் பக்கத்திலேயே விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் அந்த இனப்பெருக்க வேலை நடந்திருக்கிறது. நம் கைக்கு எட்டாத விஷயம் ஒன்றும் இல்லை.

அசல் பெப்பர்மிண்ட்டும் சத்தியம் பண்ணி அய்ப்டேஸியா தின்னும் என்று சொல்ல முடியாது. சில தின்னும், சில திரும்பிக்கூடப் பார்க்காது. நான் இப்போது ஊசியில் கெட்டியான சுண்ணாம்புக் குழம்பை எடுத்து ஒவ்வொரு அய்ப்டேஸியாவின் வாயிலும் விடுகிறேன். மெதுவான வேலை, ஆனால் குறைகிறது.

கேமல் இரண்டையும் பிடிக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே ஒரு துண்டு நெத்திலி போட்டு ராத்திரி பாறை ஓரம் வைத்தேன். இரண்டும் மாட்டின. மீன் மட்டும் வளர்க்கும் ஒருவரிடம் விவரம் சொல்லிக் கொடுத்துவிட்டேன், அங்கே நன்றாக இருக்கின்றன. மஷ்ரூம் கிழிந்த இடத்திலிருந்து திரும்ப வளர்கிறது. ஸோவாவில் பாதிக்கு மேல் போய்விட்டது.

போன வாரம் நண்பர் அந்த வழியாகப் போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் கீழ்வரிசைத் தொட்டியில் வெள்ளைப் புள்ளியோடு கூன் முதுகு இறால்கள் ஒரு கூட்டமே இருக்கின்றன. மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் இன்னும் பெப்பர்மிண்ட் என்றுதான் எழுதியிருக்கிறது.