மெர்கோடியா ஆக்ஸிடைஸ்டு எல்டிஎல் கிட்: ஆய்வுக்குச் சரி, நோயாளிக்கு?

சுவீடனின் உப்சாலாவிலிருந்து வரும் 96 குழி எலைசா கிட் (எதிர்ப்புரதங்களால் ஒரு பொருளைப் பிடித்து அளக்கும் ஆய்வகத் தொகுப்பு) இது. ஆக்ஸிஜனேற்றம் அடைந்து கெட்டுப்போன எல்டிஎல் (கொலஸ்ட்ராலைச் சுமக்கும் துகள், ‘கெட்ட கொலஸ்ட்ரால்’) ரத்தத்தில் எவ்வளவு என்று அளந்து சொல்லும்.

அளவு எடுப்பது ரத்தத்தில். கோளாறு நடப்பதோ தமனிச் சுவருக்குள். உள்ளடுக்கில் நுழைந்த எல்டிஎல் துகள் அங்குள்ள புரோட்டியோகிளைக்கன்கள் என்ற சர்க்கரை கோத்த புரதங்களில் ஒட்டிக்கொண்டு தங்கி, மெல்லக் கெட்டுப்போகிறது. சிதைந்த கொழுப்பிலிருந்து பிறக்கும் ஆல்டிஹைடுகள் துகளின் அப்போ-பி புரதத்தில் ஏறிக்கொள்ள, நோய் எதிர்ப்பு மண்டலம் அதை வேண்டாத பொருளாகப் பார்க்கத் தொடங்குகிறது. மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் சுவருக்குள் புகுந்து, விழுங்கும் செல்லான மேக்ரோஃபேஜாக மாறி, சிடி36 போன்ற ஏற்பிகள் வழியே துகள்களை விழுங்குகின்றன. வழக்கமான எல்டிஎல் ஏற்பி, செல்லில் கொலஸ்ட்ரால் நிறைந்ததும் குறைந்துவிடும். சிடி36 போன்றவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது; செல் நுரைத்து ஊதிப்போகும். உள்ளே சேரும் கொலஸ்ட்ரால் படிகங்கள் செல்லுக்குள் ஆபத்தை உணரும் என்எல்ஆர்பி3 புரதத்தைத் தூண்ட, இன்டர்லூக்கின்-1பீட்டா என்ற அழற்சிச் சமிக்ஞை வெளிவந்து அழற்சி பரவும். ரத்தத்தில் கிடைப்பது இந்தக் களேபரத்தின் சிதறல்தான்.

கிட்டில் வேலை சிக்கலில்லை. சிக்கல் நீர்த்தலில். 25 மைக்ரோலிட்டர் மாதிரியை 2 மில்லியில் கலந்தால் 81 மடங்கு; அதையே இன்னொரு முறை செய்தால் 6,561 மடங்கு. முதல் படியில் பைப்பெட் நுனியின் வெளியே ஒட்டிய பிளாஸ்மாவைத் துடைக்காவிட்டால், அந்தப் பிழை கடைசி முடிவு வரை கூடவே வரும். உறைந்த மாதிரியைத் திரும்பத் திரும்ப உருக்கினால் எல்டிஎல் குழாய்க்குள்ளேயே கெடும். அப்புறம் அளப்பது நோயாளியின் கோளாறையா, ஃப்ரீசரின் கோளாறையா?

பெரிய குறை வேறு. இதிலுள்ள 4ஈ6 என்ற எதிர்ப்புரதம் கெடாத எல்டிஎல்லையும் ஓரளவு பிடிக்கும். அதனால் எல்டிஎல் கூடினால் இந்த எண்ணும் பெரும்பாலும் கூடவே ஏறும். எல்டிஎல் போன்ற துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் அப்போ-பி அளவோடு சேர்த்துப் பார்க்கையில் இது புதிதாகச் சொல்வது கொஞ்சம்தான். இரண்டையும் விகிதமாகப் போட்டுப் பார்க்கிற ஆய்வாளருக்குப் பயன் உண்டு. மருந்தை மாற்ற இந்த எண்ணை நம்ப முடியாது.

முழு உடல் பரிசோதனையில் இதற்குத் தனியாகக் காசு கேட்டால், அந்தப் பணத்தை அப்போ-பிக்கும், அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஹெச்எஸ்-சிஆர்பிக்கும் கொடுங்கள். சிஆர்பி லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் நல்லது, 3க்கு மேல் அதிகம். 10ஐத் தாண்டினால் காய்ச்சலோ பல்வலியோ இருந்திருக்கும். ஆறியபின் இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

அழற்சியை மட்டும் அடக்கினாலும் பலன் உண்டு என்பதை 2017இல் வந்த கான்டோஸ் சோதனை காட்டியது: இன்டர்லூக்கின்-1பீட்டாவைத் தடுக்கும் கனாகினுமாப் ஊசி எல்டிஎல்லைக் குறைக்காமலே மாரடைப்பைக் குறைத்தது. ஆனால் உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின.

எண் கூடுதலாக வந்துவிட்டதே என்று யாராவது வைட்டமின் ஈ மாத்திரையை நீட்டினால் வாங்காதீர்கள். 20,536 பேரிடம் நடந்து 2002இல் வெளியான பிரிட்டிஷ் சோதனையில் தினம் 600 மில்லிகிராம் வைட்டமின் ஈயோடு வைட்டமின் சியும் பீட்டா கரோட்டினும் கொடுத்தார்கள், மாரடைப்பு குறையவில்லை.