டாட்சன் 240இசட்: பின் டிஸ்க்குக்கு மாறிய பிறகு ஹேண்ட் பிரேக் கேபிள் எப்படி?

1969இல் வெளிவந்த டாட்சன் 240இசட்டுக்கு முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். பின்பக்கத்தையும் டிஸ்க் ஆக்க நினைப்பவர்கள் பலர் நிசான் 240எஸ்எக்ஸ் காரின் காலிப்பரை (டிஸ்க்கைப் பேட்களால் கவ்விப் பிடிக்கும் பாகம்) தேடிப் போகிறார்கள். ஹேண்ட் பிரேக் கேபிள் இழுக்க வேண்டிய லிவர் அதிலேயே இருப்பது ஒரு பெரிய வசதி. கால் பிரேக் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், இழுத்தடிப்பது கேபிள்தான். பழைய கேபிள் டிரம்முக்குள் இருக்கும் லிவருக்காகச் செய்தது. காலிப்பரில் லிவர் இருக்கும் இடமும் வேறு, இழுக்க வேண்டிய திசையும் வேறு.

நான் மாற்றிச் சில வருடங்கள் ஆகின்றன. கார் சரிவில் நிற்கிறது, அந்த வகையில் திருப்தி. ஆனால் அதற்குக் கேபிளைவிட அது உட்காரும் பிராக்கெட்தான் காரணம் என்பேன்.

சைக்கிள் பிரேக் மாதிரிதான் இதுவும். உள்ளே ஓடும் இன்னர் கம்பி இழுபடும்போது அதைச் சுற்றியுள்ள அவுட்டர் உறை அதே விசையில் எதிர்ப்பக்கம் தள்ளும். அவுட்டரின் முனை அசையாமல் நின்றால்தான் இழுப்பு முழுதாக லிவருக்குப் போகும். டிஸ்க் மாற்றும் கிட்டோடு வந்த பிராக்கெட் மெல்லிய தகடு. ஒருவரை உள்ளே உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுக்கச் சொல்லிவிட்டு அடியில் படுத்துப் பார்த்தால், தகடு லிவர் பக்கமாகச் சாய்வது கண்ணுக்கே தெரிந்தது. கையில் கிளிக் கிளிக்கென்று ஏறுகிறது, அங்கே பேட் பாதிதான் இறுகுகிறது. பிராக்கெட்டின் மூலையில் ஒரு முக்கோணத் தகட்டை வெல்டிங் செய்ததும் அந்தச் சாய்வு நின்றது.

அடுத்து நீளம். இன்னர் கம்பி தேவையைவிட நீளமாக இருந்தது. அதை வெட்டி போல்ட் கிளாம்ப் போட்டு இறுக்குவதைப் பலர் செய்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை: கம்பியின் இழைகள் நசுங்கும், ஒரு நாள் நழுவும். வெட்டாமலே ஒரு வழி இருக்கிறது. அவுட்டர் முனைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஒரு சின்ன இரும்புக் குழாயை ஸ்பேசராகச் செருகினால், அவுட்டர் நீண்ட மாதிரி ஆகி இன்னரின் தொய்வு போய்விடும். அதைத்தான் செய்தேன், இன்றுவரை பிரச்சினை இல்லை.

கேபிளின் இறுக்கத்தைச் சரிசெய்யும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தக் காருக்குப் பின்னாலும் இண்டிபெண்டண்ட் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். ஜாக்கியில் தூக்கினால் சக்கரங்கள் கீழே தொங்கி, கேபிளின் இழுவை மாறிவிடும். அதனால் சக்கரங்கள் காரின் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் நட்டைத் திருக வேண்டும். ஹேண்ட் பிரேக்கை விட்டதும் காலிப்பர் லிவர் தன் ஸ்டாப்பரில் போய் முட்ட வேண்டும். கேபிள் அதைக் கொஞ்சம் இழுத்தே வைத்திருந்தால் காலிப்பருக்குள் இருக்கும் பேட் தேய்வதை ஈடுகட்டும் தானியங்கி அட்ஜஸ்டர் சரியாக வேலை செய்யாது. அப்புறம் பேட் தேயத் தேய கைப்பிடி உயர்ந்துகொண்டே போகும்.

புதிதில் கேபிள் கொஞ்சம் தளர்ந்தது, ஒருமுறை இறுக்கினேன், அதோடு சரி. அவுட்டருக்குள் பிளாஸ்டிக் லைனிங் இருப்பதால் கிரீஸ் அடிக்கவில்லை. லிவர் பக்கம் இருக்கும் ரப்பர் பூட் மட்டும் வெடித்துவிட்டது. தண்ணீர் உள்ளே போனால் இன்னர் துருப்பிடித்து இறுகிவிடும் என்பதால் அதை உடனே மாற்றினேன்.

குறை இல்லாமல் இல்லை. சுழலும் டிரம், உள்ளிருந்து அதை அழுத்தும் பிரேக் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது, எல்லாமே கேபிளின் இழுப்புதான். இன்னொன்று, வேகமாக ஓட்டிவந்து சூடான டிஸ்க்கோடு நிறுத்தினால், அது ஆறிச் சுருங்கும்போது பேட்டின் பிடி தளரும். சரிவில் நிறுத்தும்போது ஒரு கிளிக் கூடுதலாக இழுத்து, கியரிலும் போட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன். பழைய டிரம்மில் நிறுத்திவிட்டு அப்படியே போய்விடுவேன். ஹேண்ட் பிரேக் மட்டும்தான் கவலை என்பவர்கள் டிரம்மையே நல்ல ஷூ போட்டு வைத்துக்கொள்ளலாம்.