எஸ்இஓ (கூகுள்ல தேடினா மேல வர வைக்கிற வேலை) பண்ணித் தர்றோம்னு 7,200 வெள்ளி வாங்கிட்டு எங்களையே கூகுள்லேருந்து காணாம ஆக்கிட்டாங்க, சின்னத் தொழில் பண்றவங்க தயவுசெஞ்சு படிங்க

கோவத்துல எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க. இன்னிக்கு மத்தியானம்தான் அவங்ககிட்டேருந்து ஈமெயில் வந்துச்சு, காண்ட்ராக்ட் விதிப்படி ரீஃபண்டுக்கு எங்களுக்குத் தகுதி இல்லையாம், "புரிதலுக்கு நன்றி"யாம். 7,200 வெள்ளி. என்னத்தப் புரிஞ்சுக்கணும் நாங்க? பேரு போட முடியல, போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு ஏற்கனவே சொல்லிட்டாங்க, அதனால ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சின்னு மட்டும் வச்சுக்குங்க. என்ன நடந்துச்சுன்னு முழுசா சொல்றேன், கடைசில நீங்க என்ன பண்ணணும்னும் சொல்றேன்.

நாங்க சிங்கப்பூர்ல ஈசூன் பக்கம் ஏர்கான் சர்வீஸ் பண்றோம். ஒரு வேன், என் வீட்டுக்காரரு, கூட ரெண்டு பசங்க, போனு வாட்ஸ்அப்பு கணக்கு எல்லாம் நான். எங்களுக்கு வர்ற வேலைல பெரும்பகுதி கூகுள் மேப்ல பாத்துட்டு கூப்பிடுறவங்கதான், ராத்திரி பத்து மணிக்கு பெட்ரூம்ல தண்ணி ஒழுகும், பக்கத்துல யாரு இருக்கான்னு தேடுவாங்க, ரிவ்யூ படிப்பாங்க, கூப்பிடுவாங்க. அந்த ரிவ்யூ எல்லாம் வருஷக்கணக்கா உண்மையான கஸ்டமருங்க எழுதினது. வெப்சைட் என் அண்ணன் மகன் பாலிடெக்னிக்ல படிக்கும்போது பண்ணிக் கொடுத்தது, பாக்க ரொம்ப அழகா இருக்காது, ஆனா கெமிக்கல் வாஷ் எப்ப பண்ணணும், கேஸ் தானா குறையாது லீக் இருந்தாத்தான் குறையும், அதனால லீக் பாக்காம டாப்அப் பண்ணச் சொன்னா ஒத்துக்காதீங்க, இப்படி எல்லாம் என் வீட்டுக்காரரு சொல்லச் சொல்ல அவன் எழுதினது. அந்தப் பக்கத்தப் படிச்சிட்டு, ஒளிக்காம எழுதியிருக்கீங்களேன்னு கூப்பிட்டவங்க எத்தனையோ பேரு.

தீபாவளிக்கு முன்னாடிதான் அந்த போன் வந்துச்சு. உங்க வெப்சைட்ட இலவசமா ஆடிட் பண்ணியிருக்கோம், நிறைய பிரச்சனை இருக்குன்னாங்க. ரிப்போர்ட்டு அனுப்பினாங்க, பக்கம் பக்கமா சிவப்பு, "கிரிட்டிக்கல் எரர்" அது இதுன்னு. பாத்தா பயமாத்தான் இருக்கும். அப்புறமா தெரிஞ்சுது அது நெட்ல சும்மா கிடைக்கிற டூலு, யாரு வெப்சைட்டப் போட்டாலும் ஏதாவது சிவப்பாக் காட்டும், அந்த ஏஜென்சியோட சொந்த வெப்சைட்டையே என் அண்ணன் மகன் போட்டுப் பாத்தான், அதுவும் சிவப்பு.

ஆளு நேர்ல வந்தாரு. எங்க புளோக் கீழ இருக்கிற கோப்பிக்கடைக்கு. தமிழ்ப் பையன், மரியாதையா, என்ன அக்கான்னும் அவர அண்ணேன்னும் கூப்பிட்டுக்கிட்டு. என் வீட்டுக்காரரு மொதல்ல முகமே கொடுக்கல, விக்க வர்றவங்கன்னாலே அவருக்கு ஆகாது. அந்தப் பையன் லேப்டாப்பத் தொறக்கவே இல்ல, தே தாரிக் ஆர்டர் பண்ணிட்டு பேசிக்கிட்டே இருந்தான். அவங்கப்பா செம்பவாங் ஷிப்யார்டுல வெல்டரா இருந்தாரு, அம்மா காலைல நாசி லெமாக் கட்டி வித்தாங்க, பெரிய கம்பெனிங்க சின்னக் கடைங்கள முழுங்குறதப் பாத்துட்டுத்தான் இந்த வேலைக்கே வந்தேன்னான். ஷிப்யார்டுன்னதும் என் வீட்டுக்காரரு நிமிந்து உக்காந்தாரு. அவரும் சிங்கப்பூர் வந்த புதுசுல அங்கதான் வேலை பாத்தாரு. எந்த டாக்கு, யாரு ஃபோர்மன்னு கேட்டுக் கேட்டு ரெண்டு பேரும் அப்படி ஒரு பேச்சு. போகும்போது எங்க மூணு பேரு டீக்கும் அவனே காசு கொடுத்தான். நம்ம பையன், நம்ம கஷ்டம் தெரிஞ்ச பையன்னு அவரு சொன்னாரு. யாரையுமே லேசுல நம்பாத மனுஷன் அப்படிச் சொன்னாரு, எனக்கு அதுதான் இன்னிக்கும் வயிறெரியுது. அந்த ஷிப்யார்டு கதை உண்மையா பொய்யான்னு கூட இப்ப எங்களுக்குத் தெரியாது.

அதுக்கப்புறம் எல்லாம் வேகமா நடந்துச்சு. மாசம் 700 வெள்ளி, ஒரு வருஷத்துக்கு 8,400, இந்த வாரத்துக்குள்ள மொத்தமாக் கட்டினா 7,200. தொண்ணூறு நாள்ல கூகுள் முதல் பக்கம், வரலைன்னா பணம் வாபஸ், எழுத்துல தர்றோம்னாங்க. அரசாங்க கிராண்டுல பாதி திரும்ப வாங்கித் தர்றேன்னு வேற சொன்னான். காண்ட்ராக்ட்ட போனுக்கு அனுப்பி அங்கேயே விரலால கையெழுத்து வாங்கிட்டாங்க. 7,200 வெள்ளி பேநவ்ல (போன்லேயே பணம் அனுப்புறது) போச்சு. ஒரு யூனிட்டு சாதாரண சர்வீஸுக்கு நாங்க 35 வெள்ளி வாங்குறோம், 200 யூனிட்டுக்கு மேல அவரு ஏணில ஏறி இறங்கினாத்தான் அந்தக் காசு.

கிராண்டு விஷயத்த இங்கேயே சொல்லிடுறேன். பிஎஸ்ஜின்னு சின்னத் தொழிலுக்கு அரசாங்கம் தர்ற கிராண்டுக்கு, நமக்கு சேவை விக்கிற கம்பெனி முன்கூட்டியே அங்கீகாரம் வாங்கினதா இருக்கணும், அதோட அப்ளை பண்றதுக்கு முன்னாடி நாம காசு கட்டியிருக்கவே கூடாது. இவங்க காசை வாங்கிட்டு கிராண்ட அப்புறம் பாக்கலாம்னாங்க. அதாவது வராதுன்னு தெரிஞ்சேதான் சொல்லியிருக்காங்க.

"கூகுள் பார்ட்னர்"னு ஒரு முத்திரைய எல்லாத்துலயும் ஒட்டி வச்சிருந்தாங்க. அது கூகுள்ல விளம்பரம் போடுற ஏஜென்சிங்களுக்கான திட்டம், சாதாரண தேடல்ல மேல கொண்டு வர்றதுக்கும் அதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. முதல் இடத்துக்கு யாராலயும் கேரண்டி கொடுக்க முடியாதுன்னு கூகுளே தன்னோட வழிகாட்டிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கு, எங்களுக்கு கூகுளோட தனித் தொடர்பு இருக்குன்னு சொல்ற ஆளுங்ககிட்ட ஜாக்கிரதைன்னும் அங்கேயே இருக்கு.

வேலைய ஆரம்பிக்கணும்னா எல்லா ஆக்சஸும் வேணும்னாங்க. கூகுள் பிசினஸ் புரொஃபைல் (மேப்ல எங்க கடை பேரு, ரிவ்யூ வர்ற பக்கம்), டொமைன் (வெப்சைட் முகவரி), வெப்சைட் எல்லாத்தோட பாஸ்வேர்டும். பழைய சைட்ட தூக்கிட்டு அவங்க ஹோஸ்டிங்ல (வெப்சைட்ட வைக்கிற சர்வர்) புதுசா ஒண்ணு போட்டாங்க. பளபளன்னு இருந்துச்சு, ஆனா என் வீட்டுக்காரரு சொல்லி எழுதின பக்கம் ஒண்ணு கூட இல்ல. பழைய பக்கங்களோட முகவரிய புதுப் பக்கத்துக்குத் திருப்பி விடணும், அதுக்கு 301 ரீடைரக்ட்னு பேரு, அது கூட பண்ணல, அதனால யாரு பழைய லிங்க்க அமுக்கினாலும் பக்கம் இல்லன்னு வந்துச்சு. பதிலுக்கு என்ன போட்டாங்க தெரியுமா, அங் மோ கியோ, பிடோக், பொங்கோல், ஜூரோங்னு ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம், எல்லாத்துலயும் ஒரே வாக்கியம், ஊரு பேரு மட்டும் மாறும். இந்த மாதிரி பக்கங்கள கூகுள் ஸ்பேம்னே விதில சொல்லுது. பேக்லிங்க்னு, அதாவது மத்த சைட்டுலேருந்து எங்க சைட்டுக்கு வர்ற லிங்க்குன்னு கணக்கு காட்டினாங்களே, அது எங்கேருந்து வருதுன்னு பாத்தா பாதி சூதாட்ட சைட்டு. ஏர்கான் கழுவுற எங்களுக்கும் சூதாட்டத்துக்கும் என்னங்க சம்பந்தம்?

மாசா மாசம் ரிப்போர்ட்டு மட்டும் டாண்ணு வந்துடும். பச்சைப் பச்சையா அம்புக்குறி, பத்து கீவேர்டு (ஜனங்க கூகுள்ல தட்டித் தேடுற வார்த்தை) முதல் பக்கத்துல இருக்குன்னு. நான் உக்காந்து படிச்சுப் பாத்தா அதுல பாதி எங்க கம்பெனி பேரு! எங்க பேரையே தட்டினா நாங்கதான வருவோம், அதுக்கு எதுக்கு 7,200 வெள்ளி? மிச்சமெல்லாம் யாரும் ஜென்மத்துல தேடாத நீள நீளமான வாக்கியம். "ஏர்கான் சர்வீசிங் ஈசூன்"னு மனுஷங்க தேடுறது எங்கன்னு கேட்டேன், அது "ஃபேஸ் டூ"ன்னாங்க. போன் மணி அடிக்கிறது குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, ரிப்போர்ட்டுல அம்பு மேல போய்க்கிட்டே இருந்துச்சு.

அப்புறம் ஒரு நாள் மேப்லேருந்தே நாங்க காணோம். பேரைப் போட்டுத் தேடினாலும் இல்ல. சீன புத்தாண்டுக்கு முன்னாடி, வீட்டுக்கு வீடு ஏர்கான் சுத்தம் பண்ற சீசன்ல. என் அண்ணன் மகன் வந்து பாத்துட்டுத்தான் சொன்னான், புரொஃபைல சஸ்பெண்ட் பண்ணியிருக்குன்னு. இவங்க எங்க கம்பெனி பேருக்குப் பின்னாடி "சிறந்த மலிவு ஏர்கான் சர்வீஸ் சிங்கப்பூர்"னு ஆங்கிலத்துல ஒரு வாலை ஒட்டியிருக்காங்க. நாங்க இல்லாத இடத்துல, யாரோட ஆபீஸ் முகவரியோ போட்டு, இன்னும் ரெண்டு லிஸ்டிங்கு திறந்திருக்காங்க. ரெண்டுமே கூகுள் விதிக்கு நேர் எதிரு. இதுல கொடுமை, ஓனர்ங்கிற இடத்துல அவங்க ஈமெயில், எங்கள வெறும் மேனேஜரா இறக்கி வச்சிருக்காங்க. வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க வந்தவன் வீட்டையே தன் பேருக்கு எழுதிக்கிட்ட மாதிரி. கூகுள் தேடல்ல தண்டனை ஏதும் கொடுத்திருக்கான்னு பாக்க சர்ச் கன்சோல்ங்கிற கூகுள் டூலுக்குள்ள போகணும், அதுவும் அவங்க அக்கவுண்ட்ல.

இனிமேதான் அவங்க சுயரூபம் தெரிஞ்சுது. அந்தப் பையனுக்கு மெசேஜ் போட்டா நீலக் கோடு ரெண்டு வரும், பதில் வராது. ஆபீஸுக்குப் போன் பண்ணா அவரு வேலைய விட்டுட்டாருன்னாங்க. புதுசா ஒரு அக்கவுண்ட் மேனேஜர், அவங்களுக்கு எங்க கதையே தெரியல, மறுபடி முதல்லேருந்து சொன்னேன். "கூகுள் அல்காரிதம் அப்டேட்டு மேடம், எல்லாருக்கும் இறங்கியிருக்கு." அடுத்த வாரம், "எஸ்இஓன்னா ஆறு மாசம் டைம் கொடுக்கணும் மேடம்." அப்ப தொண்ணூறு நாள் கேரண்டி என்னாச்சுன்னா, டிக்கெட் போட்டிருக்கேன் டெக் டீம் பாப்பாங்க. சஸ்பென்ஷனுக்கு அப்பீல் பண்ணுங்க, கம்பெனி பதிவுப் பத்திரம், பில்லு எல்லாம் அனுப்பியிருக்கேனேன்னு கெஞ்சினேன், பண்றோம் பண்றோம்னே சீசன் முழுக்கப் போயிடுச்சு. நடுவுல இன்னொருத்தன் கூப்பிட்டு, மாசம் இன்னும் 500 வெள்ளி போட்டா விளம்பரம் ஓட்டலாம், உடனே லீட்ஸ் (விசாரிச்சுக் கூப்பிடுற கஸ்டமருங்க) வரும்ங்கறான்! என் வீட்டுக்காரரு போனை வாங்கிப் பேசினாரு, தம்பி, உங்கள நம்பித்தானப்பா கொடுத்தோம்னாரு, அதுக்கு அந்தப் பக்கம், "அங்கிள், காண்ட்ராக்ட்ட நல்லாப் படிங்க"ன்னு வச்சுட்டான்.

காண்ட்ராக்ட்ல என்ன இருக்குன்னா, கேரண்டி "ஏஜென்சி தேர்ந்தெடுக்கும் கீவேர்டுகளுக்கு" மட்டும். அதாவது எங்க பேரு. ரீஃபண்டுன்னா பணம் இல்ல, "சர்வீஸ் கிரெடிட்". அப்ப கோப்பிக்கடைல வாபஸ்னு சொன்னது என்ன? இன்வாய்ஸ்ல இருந்த முகவரிக்கு நேர்லயே போனோம், டவுன்ல ஒரு பில்டிங், ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு, இங்க அவங்களுக்கு லெட்டர் மட்டும்தான் வரும், ஆளு யாரும் உக்கார மாட்டாங்கன்னு சொல்லிடுச்சு.

சரி தொலையட்டும், எங்க டொமைனையாவது கொடுங்கன்னு கேட்டா, "ரிலீஸ் ஃபீஸ்" 450 வெள்ளி கேக்குறாங்க. எங்க கம்பெனி பேருல இருக்கிற டாட் காம் டாட் எஸ்ஜி அது! ஹோஸ்டிங் மாத்தும்போது அட்மின் காண்டாக்ட்ல அவங்க ஆளப் போட்டிருக்காங்க. டாட் எஸ்ஜி பேருங்கள நிர்வாகம் பண்றது எஸ்ஜிநிக், அங்க பேரைத் தட்டிப் பாத்தா பதிவு யாரு பேருல இருக்குன்னு தெரியும், எங்களுது நல்லவேளை இன்னும் எங்க கம்பெனி பேருலதான் இருக்கு, அத வச்சுத்தான் இப்ப ரெஜிஸ்ட்ரார்கிட்ட (டொமைன் பதிவு பண்ற கம்பெனி) எழுதிக்கிட்டிருக்கோம்.

7,200 வெள்ளிய விடப்போறது இல்ல. கேஸ்ங்கிற (CASE) சிங்கப்பூர் நுகர்வோர் சங்கம் தனிப்பட்ட வாங்குறவங்களுக்கானது, நாங்க கம்பெனியா வாங்கினதால அது ஒத்துவராது. ஸ்மால் கிளெய்ம்ஸ் ட்ரிபியூனல்ல (சின்னத் தொகை வழக்குங்கள விசாரிக்கிற மன்றம்) போடலாம், 20,000 வெள்ளி வரைக்கும், ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா 30,000 வரைக்கும், பிரச்சனை வந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், வக்கீல் வச்சுக்க முடியாது, நாமளே பேசலாம். வாட்ஸ்அப், ரிப்போர்ட்டு, இன்வாய்ஸ், தொண்ணூறு நாள்னு அவன் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் இன்னிக்கு ராத்திரி எடுத்து வைக்கிறேன்.

உங்களுக்கு சொல்ல வந்தது, நிறைய எழுதணும்னு நினச்சேன், இப்ப தெம்பு இல்ல. முழு வருஷக் காசு மொத்தமாக் கட்டாதீங்க, மாசா மாசம் கொடுங்க. பாஸ்வேர்டு கொடுக்காதீங்க, கூகுள் புரொஃபைல்ல நீங்க ஓனர், அவங்க மேனேஜர், சர்ச் கன்சோலும் உங்க ஈமெயில்ல. டொமைனுக்கு உங்க காண்டாக்ட்டு தவிர யாரோடதும் வேணாம். எந்தெந்த கீவேர்டுன்னு காண்ட்ராக்ட்ல எழுதி வாங்குங்க, உங்க கம்பெனி பேரு அந்தக் கணக்குல சேராதுன்னும் எழுதச் சொல்லுங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அவங்க ஆபீஸுக்கு ஒரு தடவ நேர்ல போயிட்டு வாங்க.

ஏர்கான், ரெனோவேஷன், கேட்டரிங், டியூஷன் யாரா இருந்தாலும் சரி, கோப்பிக்கடைல வந்து உக்காந்து ஷிப்யார்டு கதை சொன்ன பையன் உங்ககிட்டயும் வந்திருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, உங்களுக்கு வந்த ரிப்போர்ட்டையும் காண்ட்ராக்ட்டையும் எங்களுதோட வச்சுப் பாக்கணும், ட்ரிபியூனலுக்குப் போறதுக்கு முன்னாடி.