எச்ஐவி பயம்: எந்த நாளில் எந்த டெஸ்ட்?

ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது போடவே இல்லை. விடிந்ததும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. என் நண்பன் ஒருவன் இப்படித்தான் இரண்டாம் நாளே லேபுக்கு ஓடி ரத்தம் கொடுத்தான். நெகட்டிவ். அந்த ரிப்போர்ட் அவனுடைய பழைய நிலையைத்தான் சொன்னது. அந்த இரவைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு அவன் கேட்டிருக்க வேண்டியது மாத்திரை.

பெப் என்ற தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அரசு மருத்துவமனையில் எச்ஐவிக்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள். நடந்ததை மறைக்காமல் சொன்னால்தான் மருந்து தேவையா என்று டாக்டரால் முடிவெடுக்க முடியும்.

72 மணி நேரம் தாண்டிவிட்டதா? சரி, டெஸ்ட்டுக்கு வருவோம்.

முதலில் பி.சி.ஆர். வைரஸையே தேடுவதால் இது சீக்கிரம் காட்டும்: 10 முதல் 33 நாளுக்குள். பதற்றத்தில் இருப்பவர்கள் இதைத்தான் தேடிப் போகிறார்கள். ஆனால் செலவு அதிகம். பன்னிரண்டாம் நாள் நெகட்டிவ் வந்தாலும் விஷயம் முடியாது, பிறகு இன்னொரு டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் எடுங்கள். பயத்துக்காக மட்டும் வேண்டாம்.

என் தேர்வு ஃபோர்த் ஜெனரேஷன் டெஸ்ட். வைரஸை எதிர்த்து உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளோடு, அதற்கு முன்பே ரத்தத்தில் தலைகாட்டும் பி24 என்ற வைரஸ் புரதத்தையும் இது பிடிக்கும். நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்தால் 18 முதல் 45 நாளுக்குள் காட்டும். 45 நாள் முடிந்தபின் நெகட்டிவ் என்றால் அந்தச் சம்பவத்தை அதோடு விட்டுவிடலாம். பணம் கட்டும் முன் ‘ஃபோர்த் ஜெனரேஷன்தானே?’ என்று கேட்டுவிடுங்கள். எச்ஐவி டெஸ்ட் என்ற ஒரே பெயரில் பழைய வகை கார்டு டெஸ்ட்டும் உண்டு.

எச்ஐவி ஆலோசனையும் டெஸ்ட்டும் தரும் அரசு நம்பிக்கை மையத்தில் டெஸ்ட் இலவசம். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் ரேபிட் கிட் என்றால் 23 முதல் 90 நாள் வரை ஆகலாம், அதனால் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். காத்திருப்புதான் குறை. ஆனால் லேபில் கிடைக்காத ஒன்று இங்கே இருக்கிறது: டெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து பேச ஓர் ஆலோசகர். லேப் ரிப்போர்ட்டோ நள்ளிரவில் போனில் வந்து விழும். அதில் ‘ரியாக்டிவ்’ (தொற்று இருக்கலாம்) என்று இருந்தால் தனியாக என்ன செய்வீர்கள்? ஒரு கிட் ரியாக்டிவ் காட்டினால் மட்டும் தொற்று உறுதியாகாது; வேறு வகை கிட்டுகளில் மறுபடி பார்த்த பிறகே சொல்வார்கள். ரகசியம் காக்க வேண்டும் என்று 2017இல் வந்த எச்ஐவி சட்டமே சொல்கிறது.

பெப் சாப்பிட்டவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டாக்டர் சொல்லும் தேதிதான்.

அப்புறம், சிலர் ரத்த தானம் செய்தால் டெஸ்ட் தானாக நடந்துவிடும் என்று போகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எந்த டெஸ்ட்டும் பிடிக்காத அந்தச் சில நாட்களில் கொடுக்கும் ரத்தம் இன்னொருவர் உடம்பில் ஏறிவிடும்.

அறிகுறியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதும் உதவாது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் வரக்கூடிய காய்ச்சலும் தொண்டை வலியும் சாதாரண ஃப்ளூவிலும் வரும். தொற்று இருந்தும் ஒன்றுமே தெரியாமல் போகிறவர்களும் உண்டு.

நண்பன் 48ஆம் நாள் ஃபோர்த் ஜெனரேஷன் எடுத்தான், நெகட்டிவ். அப்போதும் தூக்கமில்லை; வாரம் ஒரு லேப் என்று அலைந்தான். கடைசியில் 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு அழைத்தோம். அவர்கள் சொல்லி நம்பிக்கை மையத்துக்குப் போனான். ஆலோசகர் அக்கா புது டெஸ்ட் எதுவும் எழுதவில்லை. பழைய ரிப்போர்ட்டையும் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முக்கால் மணி நேரம் பொறுமையாக விளக்கினார். அன்று இரவுதான் தூங்கினான்.