பேட்டன்ட் எடுத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் உஷார்

சொந்தமாக ஒரு கருவியை யோசித்து, செய்து, விற்கிற சிறு பட்டறைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். பேட்டன்ட் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு கன்சல்டன்சிக்கு 2020 முதல் 2023 வரை மொத்தம் 1,40,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். இன்று என்னிடம் பேட்டன்ட் இல்லை. என் கருவியின் படங்களும் செய்முறையும் மட்டும் அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி கிடக்கின்றன. புகார் நிலுவையில் இருப்பதால் அவர்கள் பெயரை இங்கே போடவில்லை. பெயர் முக்கியமும் இல்லை, ஏனென்றால் இதே வேலையை இதே முறையில் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எனக்குக் கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் பட்டறை. பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்தான் முக்கிய வருமானம். எங்கள் பக்கம் போர்வெல் 800 அடி, 1000 அடி என்று போகும். மோட்டார் பழுதானால் 20 அடி 20 அடியாகப் பைப்பை மேலே இழுத்து, பைப்புகளை இணைக்கும் கப்ளிங்கை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். 800 அடிக்கு 40 பைப். ஒவ்வொரு முறையும் மீதிப் பைப் முழுவதையும் கிணற்று வாயில் ஒரு கிளாம்ப்தான் தாங்கி நிற்கும். வழக்கமான கிளாம்ப் இரண்டு பாதியாக வரும், போல்ட் போட்டு ஸ்பேனரால் முறுக்க வேண்டும். முறுக்கு கொஞ்சம் குறைந்தால் பைப் நழுவி, மோட்டாரோடு உள்ளே போய்விடும். விவசாயிக்குப் பல நேரம் போரே போச்சு.

நான் செய்தது போல்ட் இல்லாத கிளாம்ப். சரிவான இருக்கையில் எதிரெதிராக இரண்டு ஆப்புகள் உட்கார்ந்திருக்கும். பைப் மேலே வரும்போது விடும், கீழே இறங்கப் பார்த்தால் கவ்வும், எடை கூடக் கூடப் பிடி இறுகும். கப்ளிங் வரும்போது மட்டும் காலால் ஒரு மிதியை அழுத்தினால் இரண்டு ஆப்பும் ஒரே நேரத்தில் விலகி வழிவிடும். ஸ்பேனரோடு ஒரு ஆள் குனிந்து நிற்க வேண்டிய வேலை இல்லாமல் போனது. பைப் இறக்குகிற ஆட்களே கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இவர்கள் வந்தார்கள். டை கட்டிய பையன், நல்ல மரியாதை. "வெளிய காட்டறதுக்கு முன்னாடி ஃபைல் பண்ணிடணும்ங்க சார், கண்காட்சியில வெச்சுட்டா அப்புறம் புதுசுன்னு சொல்ல முடியாதுங்க" என்றான். அது உண்மைதான். மத்திய அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சில விலக்குகள் தவிர, விண்ணப்பிக்கும் முன் பொதுவில் காட்டினால் புதுமை போய்விடும். அவர்கள் சொன்னதில் முழு உண்மை அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

முதலில் 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, இதே மாதிரி கருவி ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு தேடல் அறிக்கை கொடுத்தார்கள். ஸ்பைரல் பைண்டிங், வண்ண அட்டை, முடிவில் "100% புதியது" என்று முத்திரை. உள்ளே இருந்ததெல்லாம் கூகுளில் கிடைக்கிற கிளாம்ப் படங்கள். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் குழாயைத் தொங்கவிட்டுப் பிடிக்க இதே மாதிரி ஆப்புகளைத்தான் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். அவற்றுக்கு 'ஸ்லிப்' என்று பெயர். பேட்டன்ட் வகைப்பாட்டில் அதற்கென்றே ஈ21பி 19/10 என்று தனி எண் இருக்கிறது. கூகுள் பேட்டன்ட்ஸிலோ ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட்டிலோ அந்த எண்ணைப் போட்டால் காசில்லாமல் பக்கம் பக்கமாக வரும். அறிக்கையில் அதில் ஒன்றுகூட இல்லை.

2020 நவம்பரில் புரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம் என்று 30,000. அடுத்த நாளே 202041 என்று தொடங்கும் ஒரு எண்ணை வாட்ஸப்பில் அனுப்பி, கூடவே கைதட்டும் பொம்மைகளும் வாழ்த்தும். "ஆச்சுங்க சார், நம்பர் வந்துருச்சு, இனி யாரும் தொட முடியாதுங்க." அந்த எண்ணில் முதல் நான்கு இலக்கம் ஆண்டு, அடுத்த 4 சென்னை பேட்டன்ட் அலுவலகம், அதற்கடுத்த 1 சாதாரண விண்ணப்பம். அவ்வளவுதான் அதன் அர்த்தம். கட்டணம் கட்டினால் எல்லோருக்கும் எண் வரும். புரொவிஷனல் போட்டால் 12 மாதத்துக்குள் கருவியை முழுதாக விளக்கி, எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் முழு விவரக்குறிப்பு கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். அதைக் காட்டி 2021 கடைசியில் இன்னொரு 25,000. 2022-இல், அலுவலகம் விண்ணப்பத்தைப் பரிசோதிப்பதற்கான கட்டணம் என்று 28,000.

இதில் அரசுக்குப் போனது எவ்வளவு என்று பின்னால் ரசீதுகளை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. என்னிடம் கொடுத்த பில்லில் விண்ணப்பத்துக்கு "அரசு கட்டணம் 8,000", பரிசோதனைக்கு "அரசு கட்டணம் 20,000" என்று தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். அவை பெரிய கம்பெனிகளுக்கான கட்டணம். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைனில் விண்ணப்பித்தால் 1,600, பரிசோதனைக்கு 4,000. அவர்கள் என் பேரில் கட்டியதும் அதே 1,600-உம் 4,000-உம்தான். புரொவிஷனலுக்குப் பிறகு வரும் முழு விவரக்குறிப்பு 30 பக்கம், 10 உரிமைக்கோரல்களுக்குள் இருந்தால் அதற்குத் தனியாக அரசு கட்டணமே கிடையாது. இடையில் நின்ற 22,400 ரூபாய் எங்கே போனது என்று கேட்டதற்கு "ஜி.எஸ்.டி.ங்க சார்" என்றார்கள். ஜி.எஸ்.டி. பில்லில் தனி வரியாக ஏற்கெனவே இருந்தது!

பணம் போனதைக்கூட விடுங்கள். உண்மையான அடி வேறிடத்தில். விண்ணப்பத்தின் முதல் படிவத்தில் அலுவலகம் கடிதம் அனுப்ப வேண்டிய முகவரி, மின்னஞ்சல், மொபைல் எண் என்று ஒரு இடம் உண்டு. என் விண்ணப்பத்தில் அங்கே இருந்தது அவர்களுடைய ஜிமெயில் முகவரியும் அங்கே வேலை பார்த்த யாரோ ஒருவரின் மொபைலும். சென்னை அலுவலகம் அனுப்பிய எதுவும் எனக்கு வர வழியே இல்லை.

இன்னொன்று. விண்ணப்பிப்பவர் சார்பாக அலுவலகத்தில் விண்ணப்பத்தை நடத்த, பதிவு பெற்ற பேட்டன்ட் ஏஜென்டாக இருக்க வேண்டும். அறிவியல் அல்லது பொறியியல் பட்டம், அரசு நடத்தும் தேர்வு, அப்புறம் பதிவு எண். வக்கீல் என்பது மட்டும் போதாது. அந்தப் பட்டியல் பேட்டன்ட் அலுவலகத் தளத்திலேயே இருக்கிறது. இந்தக் கன்சல்டன்சியில் அப்படி ஒருவர்கூட இல்லை. அப்படியானால் எப்படி ஃபைல் செய்தார்கள்? என் ஆதார், பான் வாங்கி, "கே.ஒய்.சி.க்கு ஒரு வீடியோ எடுக்கணும்ங்க" என்று சொல்லி என் பேரில் டிஜிட்டல் கையெழுத்து வாங்கி, அந்த யு.எஸ்.பி. டோக்கனைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, நானே நேரடியாக விண்ணப்பித்தது போல எல்லாவற்றையும் போட்டிருக்கிறார்கள். ஏஜென்டுக்கு அதிகாரம் கொடுக்கும் படிவம் 26 கோப்பில் இல்லவே இல்லை. காகிதத்தில் பார்த்தால் அவர்கள் இந்த விண்ணப்பத்தைத் தொட்டதற்கே தடயம் கிடையாது.

விண்ணப்பித்து 18 மாதம் கழிந்ததும் 2022-இல் அது வெளியிடப்பட்டது. படம், விளக்கம், அளவுகள் எல்லாம் பொதுவில். அதுதான் முறை, அதில் தப்பில்லை. நானும் அந்த வருடம் கொடிசியா வேளாண் கண்காட்சியில் கருவியை வைத்தேன். வெளியீட்டுக்குப் பிறகு அரசு முத்திரை போன்ற ஒன்றைத் தலைப்பில் போட்டுக்கொண்டு, ஏதோ சர்வதேசப் பதிவேட்டில் சேர்க்கப் பணம் கட்டச் சொல்லி எனக்கு ஒரு தபாலும் வந்தது. வெளியான விண்ணப்பங்களில் இருந்து முகவரியை எடுத்து உலகம் முழுக்க இப்படி அனுப்பும் கூட்டம் இருக்கிறது, உலக அறிவுசார் சொத்து நிறுவனமே அதைப் பற்றி எச்சரிக்கிறது. அதைக் குப்பையில் போட்டேன்.

2023 ஆகஸ்டில் பரிசோதகரின் முதல் அறிக்கை போயிருக்கிறது, அந்த ஜிமெயிலுக்கு. பதில் சொல்ல 6 மாதம் அவகாசம். நான் அந்த மாதங்களில் வாட்ஸப்பில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். "ஏதாவது லெட்டர் வந்துச்சாங்க?" பதில் ஒரே மாதிரிதான்: "எக்ஸாமினேஷன்ல இருக்குங்க சார், டைம் எடுக்கும்ங்க."

அந்த அவகாசம் ஓடிக்கொண்டிருந்த அதே அக்டோபரில்தான் இன்னொரு திட்டத்தோடு வந்தார்கள். யுகே பேட்டன்ட். 45,000 ரூபாய், மூன்றே வாரத்தில் சர்டிபிகேட். சொன்னபடி வந்தது, கிரீடம் போட்ட அழகான சர்டிபிகேட். அது பேட்டன்டே இல்லை, டிசைன் பதிவு. பொருளின் வெளித்தோற்றத்துக்கு மட்டும், அதுவும் பிரிட்டனில் மட்டும். அந்த அலுவலகம் தோற்றம் புதிதா என்றுகூடத் தேடிப் பார்ப்பதில்லை. ஒரு டிசைனுக்கு அன்றைய கட்டணம் 50 பவுண்ட், ஏறக்குறைய 5,000 ரூபாய். என் கருவியின் உயிர் அந்த மிதியிலும் ஆப்பிலும் இருக்கிறது, தோற்றத்தில் ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் எந்த விவசாயி 800 அடி போரில் மோட்டார் இறக்கி எடுக்கப் போகிறார் என்பது வேறு கேள்வி. இப்போது இதே சர்டிபிகேட்டைக் கல்லூரி ஆசிரியர்களுக்கும், நான்கைந்து பெயர் சேர்த்து, ஆளுக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள். "சர்வதேச பேட்டன்ட்" என்று யாராவது சொன்னாலே எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஒன்று உலகத்தில் இல்லை. பி.சி.டி. என்பது பல நாடுகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் வழி மட்டும். அதன் பிறகு ஒவ்வொரு நாட்டிலும் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

2024 நடுவில் என் கிளாம்பின் அச்சு அசல் நகல் சந்தைக்கு வந்தது, மிதி உட்பட. நோட்டீஸ் விடலாம் என்று ஒரு பேட்டன்ட் வக்கீலிடம் போனேன். அவர் ஏஜென்ட் தேர்வும் எழுதியவர். என் எண்ணை அலுவலகத் தளத்தில் தட்டினார், திரையை என் பக்கம் திருப்பினார். பேட்டன்ட் சட்டம் பிரிவு 21(1)-இன் கீழ் கைவிடப்பட்டது. பிப்ரவரியிலேயே அவகாசம் முடிந்திருந்தது. ஒரு வரி பதில்கூடப் போடவில்லை.

பரிசோதகரின் அறிக்கையை அங்கேயே இறக்கிப் படித்தோம். இரண்டு பழைய அமெரிக்க எண்ணெய்க் கிணற்று ஸ்லிப்புகளைக் காட்டியிருந்தார். அப்புறம் பிரிவு 3(எஃப்), அதாவது தனித்தனியாக வேலை செய்யும் தெரிந்த கருவிகளை வெறுமனே சேர்த்து அடுக்கினால் அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிற ஆட்சேபம். படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது, ஏனென்றால் ஆட்சேபம் நியாயமானது, பதிலும் எங்களிடம் இருந்தது. விவரக்குறிப்பில் "குழாயைப் பிடிக்கும் ஆப்புகள்" என்று பொத்தாம்பொதுவாக உரிமை கோரியிருந்தார்கள். ஒரே மிதியால் இரண்டு ஆப்பும் சேர்ந்து விலகும் இணைப்பு எட்டாவது கோரலில் ஒரு மூலையில் கிடந்தது. அதை முன்னால் கொண்டுவந்து, ஆப்பும் மிதியும் ஒன்றையொன்று சார்ந்துதான் வேலை செய்கின்றன என்று காட்டியிருந்தால் வாதாட இடம் இருந்தது என்கிறார் வக்கீல். கிடைத்திருக்குமா என்று அவரும் உறுதி சொல்லவில்லை.

இப்போதைய நிலைமை, விண்ணப்பிக்காமலே இருந்திருந்தால்கூட இதைவிடத் தேவலை. வெளியான என் விண்ணப்பமே எனக்கு எதிரான முன்சான்று. அதே கருவிக்குத் திரும்ப விண்ணப்பித்தால் அதையே காட்டி மறுப்பார்கள். நகல் எடுத்தவன்மேல் வழக்கும் போட முடியாது, வெளியான நாளில் இருந்து நஷ்டஈடு கேட்கும் உரிமையும் பேட்டன்ட் கிடைத்தால்தான்.

ஒரு வழி மிச்சம் இருக்கிறது. ஏஜென்டின் அலட்சியத்தால் கைவிடப்பட்ட விண்ணப்பங்களை மீட்க டெல்லி உயர் நீதிமன்றம் 2022-இல் ஒரு வழக்கில் அனுமதித்தது. விண்ணப்பதாரர் அக்கறையோடு பின்தொடர்ந்தார் என்று காட்ட வேண்டும். அந்த வாட்ஸப் செய்திகள் எல்லாம் இப்போது பிரிண்ட் எடுத்து வக்கீல் கோப்பில் இருக்கின்றன. ஆனால் என் விஷயத்தில் காகிதப்படி ஏஜென்டே கிடையாது என்பது பெரிய சிக்கல். சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போட ஆகும் செலவைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கன்சல்டன்சிமேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, ஆனால் 2 வருடத்துக்குள் போட வேண்டும். "வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவை, நுகர்வோர் ஆக மாட்டார்" என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. பிழைப்புக்காகச் சொந்தத் தொழில் செய்கிறவருக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்பது எங்கள் பதில்.

யாரிடமாவது பணம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறீர்களா? பேட்டன்ட் அலுவலகத் தளத்தில் விண்ணப்ப நிலை பார்க்கும் பக்கம் இலவசம், எண்ணும் திரையில் காட்டும் எழுத்தும் போதும். உங்கள் மின்னஞ்சல் அங்கே பதிவாகியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் முகவரி மாற்றும் படிவம் இன்றே போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டணத்துக்கும் அலுவலக ரசீதைக் கேளுங்கள், அவர்கள் பில் போதாது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஏஜென்டின் பதிவு எண்ணைப் பட்டியலில் சரிபார்த்த பிறகு பேசுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால், இந்திய பேட்டன்ட் வழங்கப்பட்ட பிறகு 1 லட்சம் வரை திரும்பத் தரும் எம்.எஸ்.எம்.இ. திட்டமும் இருக்கிறது. இதை எந்தக் கன்சல்டன்சியும் என்னிடம் சொல்லவில்லை.

மிதிக்குப் பதிலாகப் பைப் கப்ளிங்கே ஆப்பைத் தள்ளித் திறக்கும்படி கிளாம்பை மாற்றியிருக்கிறேன். பழைய விண்ணப்பத்தில் இது இல்லாததால் புதிதாக விண்ணப்பித்தாயிற்று, இந்த முறை கடிதம் வரும் முகவரி என்னுடையது. அதே கன்சல்டன்சியில் கொடுத்து ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லையும் விண்ணப்ப எண்ணையும் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் நுகர்வோர் ஆணையத்தோடு நிறுத்தாமல் காவல்துறையிலும் மோசடிப் புகார் கொடுக்கலாம் என்று வக்கீல் சொல்கிறார்.