நடப்பவர்களுக்கு மட்டும்: டிராக்கன்ஸ்பர்க் பக்கம் சைக்கிளில் போக எந்த வழி?

தென்னாப்பிரிக்காவில், எங்கள் பக்கத்து பீட்டர்மாரிட்ஸ்பர்கில் புனித வெள்ளியன்று தீமிதி. அது முடிந்த மறுவாரம் டிராக்கன்ஸ்பர்க் மலைப் பக்கம் சைக்கிளில் கிளம்புவதாகப் பேச்சு. அதற்குள் கோடை இடிமழை ஓய்ந்திருக்கும், மலையில் பனி விழ இன்னும் நாள் இருக்கும். நான், மைத்துனர், அவர் மகன், மூன்று மவுண்டன் பைக். நாள் குறித்தாயிற்று. வழிதான் முடிவாகாமல் இருந்தது. வரைபடத்தில் ஆசை காட்டும் கோடுகள் பல, நடப்பவர்களுக்கு மட்டுமானவை.

மருமகனுக்குப் பிடித்தது ஜயண்ட்ஸ் கப் பாதை. சானி கணவாய்ப் பக்கம் தொடங்கி புஷ்மன்ஸ் நெக் வரை சுமார் 60 கிலோமீட்டர். நடப்பவர்கள் ஐந்து நாளில் முடிப்பார்கள், இரவு தங்கக் குடில்கள் உண்டு. "ஓட்ட வேண்டாம் மாமா, தள்ளிக்கொண்டே போயிடலாமே?" என்றான். நியாயமாகப் படுகிற கேள்விதான். மூன்று வருடத்துக்கு முன் நானும் அப்படி நினைத்தே, இதே மலைகளில் வேறொரு நடைபாதையில் மழை விட்ட மாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். கால் மணி நேர வழி. கருப்பு மண் டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, சக்கரம் சுற்றவே இல்லை. இழுத்துக்கொண்டுதான் போனேன். மறுநாள் காலை அதே வழியாக நடந்து திரும்பினேன். என் சக்கரம் கிழித்த கோடு மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் கிடந்தது, அதில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பூட்ஸ் தடங்களும் இருந்தன. அவற்றில் தண்ணீர் தேங்கி நின்றதே தவிர ஓடவில்லை.

அதைப் பார்த்த பிறகு எனக்கு இதில் இரண்டாம் பேச்சு கிடையாது. கால் தடம் விட்டு விட்டு விழும், சக்கரத் தடம் வாய்க்காலாகும். வாய்க்கால் ஆழமானால் நடப்பவர் புல்லில் ஒதுங்கி நடப்பார், பாதை அகலமாகும், சரிவு அரிக்கும். உம்கோமாஸி, உம்சிம்குலு ஆறுகள் பிறக்கிற மலை இது. 2000 முதல் உலகப் பாரம்பரியக் களம். தள்ளினாலும் ஓட்டினாலும் மண்ணுக்கு ஒன்றுதான். ஆகவே சைக்கிளோடு ஜயண்ட்ஸ் கப் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மைத்துனர் ஆசைப்பட்டது ஃப்ரீடம் ட்ரெய்ல் என்ற நெடுந்தூர சைக்கிள் வழி. பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து கேப் டவுன் பக்கத்து வெலிங்டன் வரை சுமார் 2,300 கிலோமீட்டர். முழுதும் நமக்குக் கட்டாது, ரோட்ஸ் என்ற கிராமம் வரையான முதல் 500 கிலோமீட்டரைத்தான் அவர் சொன்னார். உம்கோமாஸியைக் கடந்து, சென்டோகோ மிஷன், என்ட்சிகேனி, மட்டாட்டியெலெ பக்கமாகப் போகும். இந்த வழியில் வருடந்தோறும் குளிர்காலத்தில் நடக்கும் பந்தயத்தில் ஜிபிஎஸ்ஸுக்குத் தடை, காகித வரைபடம்தான். ரோட்ஸுக்கு முன் லெஹானா கணவாயில் சைக்கிளைச் சுமந்தே ஏற வேண்டும். இதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் வழியில் பலகை கிடையாது, பல இடங்களில் தனியார் பண்ணை குறுக்கே வரும். பந்தயத்தில் போகிறவர்களுக்கு அனுமதி ஏற்பாடாகியிருக்கும். தனியாகப் போகிற நாம் ஒவ்வொரு பண்ணைக்கும் முன்கூட்டியே போன் செய்து கேட்க வேண்டும்.

அப்புறம் சுமை. சைக்கிள் 14 கிலோ, பைகள் 6 கிலோ என்று வையுங்கள். பையைக் கழற்றாமல் சைக்கிளைத் தோளில் போட்டால் கழுத்து அரை மணி நேரம் தாங்காது. சுமக்கும் இடம் இருக்கிற வழியில் கனமானதை முதுகுப் பைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதே பை ஓட்டும்போது இடுப்பை வாட்டும். எது நீளம் என்று வரைபடத்தில் அளப்பதைவிட மணிக்கணக்கில் யோசிப்பது நல்லது. சுமந்து ஏறினால் மணிக்கு 2 கிலோமீட்டர், சரளைச் சாலையில் சாமான்களோடு 12. ஆக 6 கிலோமீட்டர் சுமக்கிற நேரத்தில் 36 கிலோமீட்டர் சுற்றி வந்துவிடலாம். வயது ஐம்பதைத் தாண்டிய எங்கள் இருவருக்கும் இந்தக் கணக்கு போதும்.

சானிடூசி என்ற சைக்கிள் பந்தயத்தின் வழியையும் பார்த்தோம். மூன்று நாள், மலையடிவாரத்திலிருந்து ஸ்காட்பர்க் கடற்கரை வரை, ஓட்டுவதற்கென்றே வெட்டிய ஒற்றையடிப் பாதைகள். அதற்குப் பந்தயத்தில் பதிவு செய்து போவதுதான் சரி.

மிஞ்சியது சரளைச் சாலை. புல்வர், ஹிமெவில், அண்டர்பர்க், புஷ்மன்ஸ் நெக். மலை எப்போதும் ஒரு பக்கத்தில் தெரியும். லாரி போனால் புழுதி உண்டு, தகரக் கூரை போல அலையலையான தரை மணிக்கட்டைப் பதம் பார்க்கும், கிராமத்து நாய்கள் துரத்தும். ஆனால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், வழிக் கடைகளில் தண்ணீர் கிடைக்கும், பஞ்சரானால் ஒரு பக்கி (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) நின்று ஏற்றிக்கொள்ளும். பண்ணைக் கேட் எதையாவது கடக்க நேர்ந்தால், திறந்திருந்ததைத் திறந்தபடி, மூடியிருந்ததை மூடிவிட்டுப் போக வேண்டும். மாடு வைத்திருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம்.

மருமகன் முகம் வாடியதால் ஒன்று சேர்த்தோம். ஹிமெவில்லில் சைக்கிள்களைப் பூட்டிவிட்டு, கோபாம் இயற்கைக் காப்பகத்தின் வாயிலில் கட்டணம் கட்டி, ஒரு பகல் ஜயண்ட்ஸ் கப் பாதையில் நடப்பது. மூன்று பொட்டலம் புளிச்சோறு, ஒரு ரெயின்கோட், பூட்ஸ். மறுநாள் சைக்கிளில் சானி கணவாய், உச்சி 2,874 மீட்டர். மேலே லெசோத்தோ எல்லை இருப்பதால் பாஸ்போர்ட் வேண்டும். மைத்துனருடையது காலாவதியாகிவிட்டது. திங்கட்கிழமை புதுப்பிக்கப் போகிறார்.