மேப்பிள் இலைக்காரருக்கு ஒரு பனையோலை விசிறி

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் பொதி ஒன்றை வாங்கிக்கொண்டு ஏ9 வீதியில் கிளிநொச்சிப் பக்கம் வந்தால் இடக்கைப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டில் வரும். பெயர்ப்பலகை இல்லை. முன்னுக்குக் கடகம், சுளகு, நீத்துப்பெட்டி எல்லாம் கயிற்றில் தொங்கும். அதைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கண்ணிலேயே படாது. அந்தக் கடை அம்மாவிடம் போன தை மாதம் ஆறு பனையோலை விசிறி வாங்கினேன். ஒன்றுகூட விசுக்குவதற்கு அல்ல. ஒன்று வீட்டிலேயே பழுதாகிவிட்டது. ஐந்து கனடாவுக்குப் போய், அதில் நான்கில் ஓய்வுபெற்ற ஐஸ் ஹொக்கி விளையாட்டுக்காரரின் கையெழுத்து விழுந்திருக்கிறது. இந்த வேலைக்கு அந்த விசிறி எப்படித் தாங்கியது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

கதை அத்தானில் தொடங்குகிறது. அக்காவின் மனுசன், ஸ்காபரோவில் முப்பத்தைந்து வருடமாக இருக்கிறார். பிறந்தது 1967இல். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற ஐஸ் ஹொக்கி அணி, அந்த விளையாட்டின் பெரிய கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தைக் கடைசியாக வென்றதும் 1967இல்தான். "நான் பிறந்த ராசி அப்பிடி" என்று தானே சொல்லிச் சிரிப்பார். தொலைபேசி எடுத்தால் முதலில் இரணைமடுவில் எவ்வளவு தண்ணி என்று கேட்பார், அடுத்தது லீஃப்ஸ்தான். 1976 பெப்ரவரி 7ஆம் திகதி லீஃப்ஸ் விளையாட்டுக்காரர் டாரில் சிட்லர் பொஸ்ரன் அணிக்கு எதிராக விளையாடிய ஆட்டத்தை நேரில் பார்த்த மாதிரியே சொல்லுவார்: 6 கோல் அடித்தது, இன்னும் 4 கோலுக்குக் கைகொடுத்தது, மொத்தம் 10 புள்ளி, ஆட்டம் 11க்கு 4, அந்த 10ஐ இன்றுவரை ஒருத்தரும் எட்டவில்லை. அந்தத் திகதியில் அவருக்கு எட்டோ ஒன்பதோ வயது; புதுக்குடியிருப்பில் பனை மட்டையைச் சீவித் துடுப்பாக்கிக் கிரிக்கெட் அடித்துக்கொண்டிருந்திருப்பார்.

அவர் வீட்டு நிலக்கீழ் அறையில் கண்ணாடி அலுமாரி ஒன்று. அது நிறையக் கறுப்பு இறப்பர் வட்டுகள், 'பக்' என்பார்கள். மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிப்பு. ஆட்டத்துக்கு முன்னர் அதைக் குளிரூட்டி இறுகவைத்துத்தான் இறக்குவார்களாம், இல்லாவிட்டால் பனிக்கட்டியில் துள்ளிப் போகுமாம். ஐஸ்பழம் உருகுவதற்குள் தின்று முடிக்க ஓடுகிற ஊரிலிருந்து போன எனக்கு அது புதினமாக இருந்தது. கையெழுத்துச் சேர்ப்பவர்கள் எல்லாரும் இந்த வட்டில், மட்டையில், ஜேர்ஸியில், படத்தில்தான் வாங்குவார்கள். "எல்லாரிட்டயும் இருக்கிறதுதான் என்னட்டயும் இருக்கு" என்று அத்தானுக்கு ஒரு குறை. நான் மூன்று மாத விசாவில் வருகிறேன் என்றதும் அவர் சொன்ன யோசனை இது: அணியின் பெயரே இலை, அப்ப இலைக்காரரின் கையெழுத்து எங்கட ஓலையில் இருக்கட்டும். விசிறி வைத்திருக்கிறவன்தானே விசிறி என்று ஒரு பகிடியும் விட்டார். அந்தப் பகிடியை மூன்று மாதத்தில் எத்தனை தரம் கேட்டேன் என்று எண்ணவில்லை.

சரி, விசிறிக்கு வருவோம். கடையில் மூன்று வகை இருந்தது. ஒன்று மடிப்பு விசிறி: இளம் ஓலையை மட்டையோடு வெட்டி, விரித்து, வட்டமாக நறுக்கி, ஓரத்துக்கு ஈர்க்கு வைத்துக் கட்டியது. இரண்டாவது பின்னல் விசிறி: ஓலையை வார்ந்து பாய் பின்னுவது போலப் பின்னிப் பிடி பூட்டியது. மூன்றாவது அதே பின்னல், சிவப்பும் ஊதாவுமாகச் சாயம் போட்டது. முறையே மூன்று, இரண்டு, ஒன்று வாங்கினேன்.

வீட்டு விறாந்தையில் வைத்துப் பேனைகளைச் சோதித்தேன். என் மகன் கையெழுத்துப் பழகுகிற வயது. ஒவ்வொரு விசிறியின் பின்பக்கத்திலும் போடடா என்று விட்டுவிட்டேன். சாயம் போட்டது முதலாவது கீறலிலேயே போய்விட்டது. மார்க்கர் மை பட்ட இடத்தில் சிவப்புக் கரைந்து கறுப்போடு கலந்து, அடிபட்டுக் கண்டிய மாதிரி ஒரு நிறம். சாயம் போட்டதை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம். பின்னல் விசிறியில் மை பரவாயில்லை, ஆனால் ஒரு வாரிலிருந்து அடுத்த வாருக்குத் தாவும்போது பேனை முனை விளிம்பில் தடக்கும். நீட்டி வளைத்துக் கையெழுத்துப் போடுகிறவருக்கு அது சரிவராது.

மடிப்பு விசிறிதான் திறம். தடித்த முனை மார்க்கர் ஓலை நரம்பு வழியே ஊறிப் பரவும், மெல்லிய முனை நிற்கும். பொன்னிறப் பெயின்ற் பேனை மேலாக அழகாக உட்கார்ந்தது, ஆனால் விசிறியை இரண்டு தரம் அசைத்ததும் மடிப்பு முதுகில் உதிரத் தொடங்கியது. ஜெல் பேனை வழுக்கிக்கொண்டு ஓடியது. பந்துமுனைப் பேனை கீறலை மட்டும் விட்டது, மை பிடிக்கவே இல்லை.

அந்தக் கீறலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் மண்டையில் பட்டது. ஓலையில் நம்மவர்கள் எங்கே மையால் எழுதினார்கள்? பதப்படுத்தி, காயவைத்து, மினுக்கி, எழுத்தாணியால் கீறி, பிறகு அந்தக் கீறலுக்குள் கரியை எண்ணெயோடு தேய்த்து இறக்கினார்கள். ஓலை கீறுவதற்கான சாமான், நான்தான் கடைகடையாக மார்க்கர் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். மை தீர்ந்த பேனை ஒன்றை எடுத்தேன். கரண்டியின் முதுகால் ஓலையை நன்றாக உரஞ்சி மினுக்கிவிட்டு மகனைக் கீறச் சொன்னேன். சாமி விளக்கின் கரியில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பஞ்சால் தடவி, துணியால் துடைத்தேன். கீறல் மட்டும் கறுப்பாக எழும்பி நின்றது, மயிரிழை போல. மினுக்காமல் விட்ட இடத்தில் கரி முழுக்க அப்பிக்கொண்டது, அதையும் சொல்ல வேண்டும்.

விமான நிலையத்தில் தாவரப் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்றே சொன்னேன். அதிகாரி எடுத்து மணந்து பார்த்தார், விட்டுவிட்டார்.

மாசி மாதம் ஒரு மண்டபத்தில் பழைய விளையாட்டுக்காரர் வந்திருந்து கையெழுத்துப் போடுகிற நாள். காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்பது நம்முடைய பழமொழி. அங்கே நிலைமை வேறு. காவோலைக்கு முன்னால்தான் வரிசை, அதில் பாதி குருத்துகள். யார் யாரிடம் வாங்கினேன் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே விலை கேட்டு வருவார்கள், அத்தானுக்கு நித்திரை போய்விடும்.

அங்கே தட்டையான பொருளுக்கு ஒரு கட்டணம், மட்டைக்கும் ஜேர்ஸிக்கும் அதைவிடக் கூட. மேசையில் காசு வாங்கிய பெடியன் விசிறியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். பிடி இருக்கிறதே, இது மட்டைக் கணக்கா என்று அவனுக்குச் சந்தேகம். பனை மட்டைதான் என்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் காசு கூடியிருக்கும். அத்தான் முந்திக்கொண்டு "தட்டை, தட்டை" என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

முதலாவது ஆள் எழுபது தாண்டியவர். கை பெரிய கை. இரண்டு விரல் ஒரு காலத்தில் முறிந்து கோணலாகப் பொருந்தியிருந்தது. விசிறியை வாங்கியதும் கையெழுத்துப் போடாமல் முதலில் தன் முகத்துக்கு விசுக்கினார். வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே சூடேற்றிப் புழுக்கம், அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். பிடியை மாற்றிப் பிடித்தபோது சட்டென்று கையை இழுத்துப் பெருவிரலைப் பார்த்தார். ஒரு பொட்டு இரத்தம். கருக்கு!

கடைக்கு என் பெரிய முறைப்பாடு இதுதான். பனை மட்டையின் இரண்டு விளிம்பிலும் வாள் பல்லுப் போலக் கருக்கு இருக்கும், வன்னியில் வளர்ந்த எவனுக்கும் காலில் ஒரு தழும்பாவது இருக்கும். மேற்பக்கம் சீவியிருந்தார்கள், ஓலையோடு சேரும் இடத்தில் ஒரு விரற்கடை அளவுக்கு விட்டுவிட்டார்கள். நான் சைக்கிள் திருத்துகிறவன். கைபிடி விஷயத்தில் எனக்குக் கண்டிப்பு அதிகம். மூன்று விசிறியில் இரண்டில் இதே குறை. நானும் தடவிப் பார்த்திருக்க வேண்டும், ஓலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். மனிதர் நல்லவர். வாழ்க்கை முழுக்கப் பல்லுடைபட்ட விளையாட்டு, இதற்கா கோபம் வரப்போகிறது? விரலைச் சப்பிவிட்டு, மெல்லிய மார்க்கரால் போட்டு, கீழே தன் ஜேர்ஸி இலக்கத்தையும் எழுதினார். மடிப்புக்குக் குறுக்கே போட்டதால் அந்தக் கையெழுத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இடப்பக்கம் நின்று பார்த்தால் பாதிக் கீறல்தான் தெரியும், வலப்பக்கம் போனால் மற்றப் பாதி. நேரே நின்றால் முழுப் பெயர்.

இரண்டாமவரிடம் மை தீர்ந்த பேனையைக் கொடுத்தேன். கீறினார், ஒன்றும் விழவில்லை. பேனையை உதறினார், திரும்பவும் அழுத்திக் கீறினார். காசு வாங்கிய பெடியன் வேறு பேனையோடு ஓடி வந்தான். நான் தைலப் பேணியில் அடைத்துக் கொண்டுபோன விளக்குக் கரியைத் திறந்து பஞ்சால் தடவித் துடைத்தேன். பெயர் இரண்டு தரம் எழும்பியது, முதல் கீறலும் இரண்டாவதும் ஒன்றின்மேல் ஒன்று. வரிசையில் நின்றவர்கள் தொலைபேசியைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். அவரும் தன் தொலைபேசியில் ஒன்று எடுத்துக்கொண்டார். மற்ற இரண்டும் சாதாரணமாக நடந்தது. பின்னல் விசிறியில் போட்டவரின் பெயரில் ஓர் எழுத்து வாருக்கு அடியில் போய் ஒளித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

அடுத்த நாள் அத்தான் ஹொக்கி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனார். நகர நடுவில், 1885இல் கட்டிய பழைய வங்கிக் கட்டடத்தில் கிண்ணத்தை வைத்திருக்கிறார்கள். வென்றவர்களின் பெயரை அதில் எழுத்து எழுத்தாகச் சுத்தியலால் அடித்துப் பதிப்பார்களாம். 1963இல் லீஃப்ஸ் என்ற பெயரிலேயே ஓர் எழுத்தைப் பிழையாக அடித்துவிட்டார்கள். என் இரட்டைக் கையெழுத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் கவலைப்படவில்லை.

மிச்சமான பின்னல் விசிறியை அத்தான் மேற்கே இருக்கிற ஒரு பழைய கோல்காப்பாளருக்கு, திருப்பி அனுப்ப முத்திரை ஒட்டிய உறையோடு, பொதிச் சேவை ஒன்றில் அனுப்பினார். முறையான முகவரி கொடுத்தும் போய்ச் சேராமலே திரும்பி வந்தது, ஓர ஈர்க்கு மூன்று இடத்தில் முறிந்து. அதற்குக் கடைக்காரியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கடையில் சுற்றிக் கொடுப்பது பழைய பத்திரிகையில்தான். தூரப் பயணம் என்றால் இரண்டு கெட்டி மட்டைப்பெட்டித் துண்டுகளை நீங்களே கொண்டுபோங்கள். பூச்சிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசலாம், ஏட்டுச்சுவடிகளுக்குப் பூசுவது அதுதான். மார்க்கர் கையெழுத்துக்கு மேலே மட்டும் பூசிவிடாதீர்கள், கலங்கிவிடும். கரி இறக்கியதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்றை அத்தான் வைத்துக்கொண்டார். கரி விசிறியை நான் கொண்டுவந்துவிட்டேன். ஊருக்கு வந்த கிழமை அதை அந்த அம்மாவிடம் காட்டினேன். ஆள் யார், என்ன விளையாட்டு என்று கேட்கவே இல்லை. வெளிச்சத்துக்குப் பிடித்து விரலால் தடவி, "ஓலை நல்ல பதத்தில இருந்திருக்கு, அதுதான் கீறு பிசிராமல் விழுந்திருக்கு" என்றார். போர்க்காலத்தில் பங்கருக்கென்று தறித்துப்போன பனைகளுக்குப் பிறகு எழும்பிய வடலியின் ஓலை அது, தன் காணியிலேயே வெட்டியது என்றார். பின்பக்கத்தில் நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கோ அம்மா என்று பேனையை நீட்டினேன்.

"நான் என்ன விளையாட்டுக்காரியே தம்பி? தள்ளி நில்லுங்கோ, கடகம் பாக்க ஆக்கள் வந்திருக்கினம்."

கருக்கைப் பற்றிச் சொன்னேன். பேசாமல் கத்தியை எடுத்துத் தொங்கிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் இறக்கிச் சீவத் தொடங்கினார். மடிப்பு விசிறி 450 ரூபாய், பின்னல் 350. வெள்ளிக்கிழமை பூட்டியிருக்கும். வாங்கும்போது எதற்கும் ஒரு தரம் பிடியைத் தடவிப் பாருங்கள்.